போர்டு தொங்குகிறது, வேலை இல்லை

கேள்வி: பி.காம் முடித்து இரண்டு வருடமாகிறது. டேலியும் படித்திருக்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் 'அக்கவுண்டன்ட் தேவை, 3 வருட அனுபவம்' என்று போர்டு பார்த்துப் போனேன். அனுபவம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதமாகியும் அதே போர்டு தொங்குகிறது. என்னிடம் என்ன குறை அம்மா?
- வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: அன்பு மகளே, குறை உன்னிடம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆறு மாதமாக ஆள் எடுக்காமலே கடை நடக்கிறது என்றால், அந்தக் கணக்கை யாரோ எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதலாளியின் மைத்துனராக இருக்கலாம், சாயங்காலம் வந்துபோகும் பார்ட் டைம் ஆளாக இருக்கலாம். அதனால் அவருக்கு அவசரமில்லை. புதிதாக ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தால், கூட ஆயிரம் ரூபாய் தந்து லீபஜார் மண்டிக்காரர் யாராவது கூட்டிப்போய்விடுவார் என்ற பயம் வேறு. அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லா முதலாளியும் அப்படியே நினைத்தால் அனுபவசாலி எங்கிருந்து முளைப்பார்? ஆள் கிடைக்கவில்லை என்று அவர் புலம்ப, வேலை கிடைக்கவில்லை என்று நீ புலம்ப, இரண்டும் ஒரே ஊரில் நடக்கிறது. காலியிடமும் வேலையின்மையும் எப்படிச் சேர்ந்தே இருக்கின்றன என்று ஆராய்ந்த மூன்று பேருக்கு 2010-ல் பொருளாதார நோபலே கொடுத்தார்கள்!

வேலைவாய்ப்பு அலுவலகம் உதவாதா என்று கேட்பாய். 1959-ல் வந்த சட்டம், 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொன்னது. அங்கிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நாலு பேர் இருக்கும் கடைக்கு அதுவும் கிடையாது. தெரிந்தவர் சொன்னால்தான் ஆள்.

சும்மா இருக்கும் மாதங்கள் கூடுவதுதான் எனக்குக் கவலை. அமெரிக்காவில் போலி பயோடேட்டாக்கள் அனுப்பிச் சோதித்ததில், வேலையில்லாத காலம் நீளநீள நேர்காணல் அழைப்பு குறைந்தது. ஆகவே சம்பளம் குறைவானாலும் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் நுழைந்துவிடு. மாதாமாதம் 11-ம் தேதி, 20-ம் தேதி என்று ஜி.எஸ்.டி. கெடு வரும், அதற்கு முந்தைய நாட்களில் பில் என்ட்ரி போட ஆளில்லாமல் திணறுவார்கள். மாதம் பிறந்ததும் நேரிலேயே போய்க் கேள். ஆறு மாதம் வேலை பார்த்தபின் ஒரு அனுபவச் சான்றிதழ் எழுதி வாங்கிக்கொள். கோரிமேட்டில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடந்தால் அதையும் விடாதே.

ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடு. டெபாசிட் கேட்டால், சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடு.