வாசகர் கேள்வி – பதில்: மங்கிவரும் பலகைகளும் சுவரெழுத்துகளும்

கேள்வி: சிறு ஊர்களுக்குப் போகும்போதெல்லாம் பழைய கடைப் பலகைகளையும், சுவரில் மங்கிக் கிடக்கும் விளம்பரங்களையும், யாரோ எழுதிவைத்த விநோதமான வாசகங்களையும் கைப்பேசியில் படமெடுத்து வருகிறேன். நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன. ஆனால் பிறகு பார்க்கும்போது எதை எங்கே எடுத்தேன் என்பதே நினைவில்லை. படங்களும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எங்கே தவறுகிறேன்?

பதில்: எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வருகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒரு பலகையின் சுவையில் பாதிதான் அதன் வாசகத்தில் இருக்கிறது. அது எந்தக் கதவுக்கு மேலே தொங்குகிறது, அந்தக் கதவு இன்னும் திறக்கப்படுகிறதா, பக்கத்துச் சுவர் எவ்வளவு பழையது என்பவற்றில் மறுபாதி இருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் மூன்று படங்களாவது எடுங்கள். முதலில் தெருவோடு சேர்த்து; அடுத்து, பலகைக்கு நேர் எதிரே, கருவி சாயாமல்; கடைசியாக மிக அருகில் சென்று, தூரிகையின் தடத்தையும் உரிந்த வண்ணத்தையும், மூலையில் ஓவியர் கையெழுத்திட்டிருந்தால் அதையும்.

குறிப்பெழுதும் பழக்கத்தைப் புகைப்படக் கலைஞர் பிரசாயிடமிருந்து கற்கலாம். 1930களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் பாரிஸ் நகரச் சுவர்க் கீறல்களைப் படமெடுத்த அவர், ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தைச் சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஆண்டுகள் கழித்து அதே சுவருக்குத் திரும்பிப் போய், கீறல் எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்தார். அப்படங்கள் 1956இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. என்னிடமும் குறிப்பில்லாத ஒரு படம் உண்டு: பச்சை வண்ணத்தில் வளைந்தெழுந்த ஒரேயொரு சொல். அந்தச் சுவரை மீண்டும் பார்க்க எவ்வளவோ விரும்பியும், அது எந்தத் தெருவில் இருந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஊர், தெரு, நாள், சுவர் நோக்கும் திசை ஆகிய நான்கையும் அங்கேயே நின்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: செங்கற்சுவரில் இருக்கும் பழைய விளம்பரம் ஒன்றில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன, படிக்க முடியவில்லை. தண்ணீர் தெளித்தால் தெளிவாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தெளிவாகும் என்பது உண்மையே. காய்ந்த சுவரின் நுண்துளைகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் வண்ணங்கள் வெளிறித் தெரிகின்றன. நீர் அத்துளைகளை நிரப்பும்போது சிதறல் குறைந்து நிறம் அடர்கிறது. ஆனாலும் பிறர் சுவரில், உதிரும் நிலையிலுள்ள வண்ணத்தின்மீது தண்ணீர் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். மழை நின்றதும் போய்ப் பாருங்கள். அதே பலன் எந்தச் சேதமும் இல்லாமல் கிடைக்கும். எழுத்தின் விளிம்பைச் சுண்ணக்கட்டியால் தீட்டிக் காட்டுவோரும் உண்டு. அது ஆவணத்தைத் திருத்துவதற்குச் சமம்.

எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதற்குக் காரணம், அதே சுவரில் ஒரு விளம்பரத்தின்மேல் அடுத்த விளம்பரம் எழுதப்பட்டதுதான். பழைய வண்ணங்கள் பலவற்றில் ஈய வெள்ளை கலந்திருந்ததால் அவை சுவரை இறுகப் பற்றிக்கொண்டன. மேலே எழுதியது தேயத் தேய, அடியில் இருப்பதும் சேர்ந்து வெளிப்படுகிறது. வண்ணம் தடிப்பாக நின்றாலோ, எழுத்து கீறப்பட்டிருந்தாலோ, வெயில் சுவரை உரசியபடி சாய்வாக விழும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழலால் எழுந்து நிற்கும். வண்ணம் தட்டையாக, நிறமாக மட்டுமே எஞ்சியிருந்தால், மேகம் மூடிய நாளின் சீரான ஒளியே நல்லது. பிறகு கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற அடுக்குகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் மறைந்த எழுத்து இன்னொன்றில் துலங்குவதுண்டு. பாறை ஓவியங்களை ஆய்வதற்காக ஜான் ஹார்மன் உருவாக்கிய டிஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் நிறங்களைப் பிரித்துக் காட்டுவது. சுவர் விளம்பரங்களுக்கும் அது உதவும். அதில் கிடைக்கும் நிறங்கள் செயற்கையானவை என்பதால், மூலப் படத்தை மாற்றாமல் தனியே வைத்திருப்பது அவசியம்.

கேள்வி: பளபளக்கும் எனாமல் தகடுகளும் நியான் பலகைகளும் சரியாகப் பதிவாவதில்லையே?

பதில்: எனாமல் தகட்டின் மேற்பரப்பு இரும்பின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி; அதனால் வானத்தையே பிரதிபலிக்கும். சற்றுப் பக்கவாட்டில் நின்று, லென்ஸின் முன் பொருத்தி, பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைச் சுழற்றிப் பாருங்கள். நியானைச் சூரியன் மறைந்த சில நிமிடங்களில், வானம் இன்னும் நீலமாக இருக்கும்போது எடுங்கள். முழு இருளில் குழாயின் ஒளி மட்டும் வெளுத்து நின்று, பலகையின் உடல் காணாமல் போகும். ஷட்டர் வேகம் 1/30 நொடியோ அதைவிட மெதுவாகவோ இருந்தால் மின்துடிப்பின் கோடுகள் விழா.

கேள்வி: எழுத்துப்பிழையுள்ள பலகைகளைத் தேடித் தேடி எடுக்கிறேன். நண்பர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். இது தவறா?

பதில்: படமெடுப்பதில் தவறில்லை. பிழையை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டுவது எனக்கு வருத்தம் தருகிறது. தனக்குத் தெரியாத மொழியின் எழுத்துகளைக் கூட, யாரோ எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து, அளவு பிசகாமல் நிழல் கொடுத்துத் தீட்டிய கைகள் உண்டு. முழுப் பலகையையும் காட்டினால், பிழையோடு அந்தக் கைத்திறனும் தெரியும். சிறு ஊரில் ஒரு பலகையை வைத்தே கடைக்காரரை அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆகவே கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால், அதை எழுதியவர் யார் என்ற தகவலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். சுவர்க் கிறுக்கல்களில் தனிமனிதர் பெயரோடு வசையோ, தொலைபேசி எண்ணோ இருந்தால் அதை வெளியிடவே வேண்டாம்.

கேள்வி: பொதுச்சுவரில் இருக்கும் ஓவியத்தின் படத்தை நூலில் அச்சிட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: தெருவில் இருப்பதாலேயே அது எல்லோருக்கும் சொந்தமாகிவிடாது, சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பொதுவழியில் நிரந்தரமாக உள்ள படைப்புகளைப் படமெடுத்து வெளியிட ஜெர்மனி இடமளிக்கிறது. பிரிட்டனில் அந்த அனுமதி சிற்பங்களுக்கு உண்டு, சுவரோவியங்களுக்கு இல்லை. நியூயார்க்கில் ஃபைவ் பாயிண்ட்ஸ் கட்டடத்தின் ஓவியங்களை 2013இல் உரிமையாளர் வெள்ளையடித்து அழித்தபோது ஓவியர்கள் வழக்குத் தொடுத்தனர்; 2018இல் அவர்களுக்கு 67 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. ஓவியரைக் கண்டுபிடித்து எழுத்துமூலம் அனுமதி பெறுவதே நேர்மையான வழி.

கேள்வி: நான் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் பலகை ஒன்றை அடுத்த வாரம் கழற்றப்போகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நாளைக் காலையே போங்கள். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒரு படமாவது எடுங்கள். கழற்றிய பின் அதன் பின்புறத்தையும் பார்க்க அனுமதி கேளுங்கள், ஏனெனில் பழைய பலகையைத் திருப்பிப் புதிதாக எழுதுவது வழக்கம். உள்ளூர் நூலகமோ அருங்காட்சியகமோ பலகையை ஏற்குமா என்று உரிமையாளருக்காக நீங்களே விசாரித்துக் கொடுங்கள். அமெரிக்கச் சாலையோரப் பலகைகளையும் கட்டடங்களையும் படமெடுத்துத் திரிந்த ஜான் மார்கோலிஸின் 11,710 வண்ணப் படவில்லைகளை (ஸ்லைடுகளை) அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் ஏற்று, யாரும் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறது. உங்கள் ஊர் நூலகத்துக்குப் படங்களைக் கொடுக்கும்போது, நாளும் இடமும் எழுதிய குறிப்பையும் சேர்த்தே கொடுங்கள்.