எடுக்காத அழைப்பும், குழந்தையிடம் சொல்ல வேண்டியதும்

சகோதரி, அண்ணன் தற்கொலையால் இறந்து நான்கு மாதங்கள் ஆகியும், அன்றிரவு அவர் அழைத்தபோது உறங்கிப்போனதற்காக உங்களையே குற்றவாளியாக்கிக் கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எல்லாமே முன்னறிவிப்பாகத் தோன்றும். அன்று உங்களுக்கு அது பல இரவுகளில் வந்ததைப் போன்ற இன்னோர் அழைப்பு மட்டுமே. கடும் மனச்சோர்வு, தன் வலிக்கு முடிவே இல்லை என்றும் தான் பிறருக்குச் சுமை என்றும் ஒருவரை நம்பவைக்கும் நோய். அதை ஓர் அழைப்பு மாற்றியிருக்குமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. (இந்த நிச்சயமின்மைதான் மிகக் கொடியது என்பதை, நண்பனை இழந்தபின் நானும் உணர்ந்தேன்.)

உங்கள் அண்ணனின் எட்டு வயது மகனிடம் மாரடைப்பு என்று சொல்லிவிடலாம் என்னும் உறவினர் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. அப்பாவின் மனத்தில் கடும் நோய் இருந்தது, அதனால் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார், நீ செய்த எதுவும் காரணமல்ல என்று, எப்படி நடந்தது என்பதை விவரிக்காமல், சொல்லலாம். பின்னாளில் பிறர் வாயால் அறிந்தால் உங்கள்மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும்.

“நானும் அவரிடமே போய்விடலாம்” என்று ஒருமுறை தோன்றியதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இப்போதும் அப்படித் தோன்றுகிறதா? ஆம் என்றால், தனியாக இருக்காமல், வீட்டில் ஒருவரிடம் அதை அப்படியே சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு இன்றே மனநல மருத்துவரிடம் செல்லுங்கள்.