ஏசி ஓடுகிறது, காற்று வருகிறதா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, "எந்த மெஷின் வாங்கலாம்?" என்ற ரகம். அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன். இருக்கிற மெஷினை ஓட்டுவது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். ஏன் ஒதுக்கினேன் என்பது பதில்களைப் படிக்கும்போது புரியும்.

மதியம் மூன்று மணி ஆனால் எங்கள் அலுவலக ஹாலில் எல்லோருக்கும் கண் சொக்குகிறது. கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கி வைத்தோம், 1600 காட்டுகிறது. பராமரிப்புக்காரரோ, "வெளிக்காற்றைக் கூட்டினால் கரண்ட் பில் எகிறும்" என்கிறார். என்ன செய்வது?

முதலில் அந்த 1600 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கிறது. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் வெளிவிடுகிறார். மீட்டரில் எண் ஏறுவது நின்று ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் கணக்குப் போட்டுவிடலாம். தலைக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வந்தால், உள்ளே வெளியைவிடச் சுமார் 500 கூடுதலாக இருக்கும். மீட்டர் 900 சொச்சம் காட்டும். உங்கள் 1600-க்கு அர்த்தம், தலைக்கு 4 லிட்டர் சொச்சம்தான் வருகிறது. அமெரிக்காவின் ஏசிப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.1 தரநிலை அலுவலகங்களுக்குக் கேட்பது தலைக்கு 2.5 லிட்டர், அதோடு தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.3 லிட்டர். 100 சதுர மீட்டருக்கு 5 பேர் என்று வைத்தால் தலைக்கு 8.5 லிட்டர் ஆகிறது. உங்களுக்கு வருவது அதில் பாதி. இந்த அளவில் அந்த வாயு விஷமில்லை. எவ்வளவு பழைய மூச்சு ஹாலிலேயே சுற்றுகிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து, வெளிக்காற்று வரும் வழியைத் திறந்து மூடும் தகடான டாம்பரை நேரில் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரை 20 சதவீதம் திறந்திருப்பதாகச் சொல்லும், நம்பாதீர்கள். நான் போன ஒரு கட்டடத்தில், என்றோ ஒருநாள் வெளியிலிருந்து புகை நாற்றம் வந்தது என்று டாம்பரை மூடிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கட்டியவர் வேலையை விட்டே போய்விட்டார். கம்பி அப்படியே இருந்தது. சோதிக்க ஒரு தெர்மாமீட்டர் போதும். ஹாலிலிருந்து திரும்பும் காற்று 25 டிகிரி, வெளியே 35, இரண்டும் கலந்து, காற்றைக் குளிரவைக்கும் காயிலுக்கு முன்னால் 26 என்றால், வெளிக்காற்றின் பங்கு பத்தில் ஒன்று. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். வெயில் நாளில் செய்யுங்கள்.

பில் விஷயத்தில் பராமரிப்புக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. காலையில் நாலு பேர் இருக்கும்போதும் மதியம் ஐம்பது பேர் இருக்கும்போதும் டாம்பர் ஒரே அளவில் திறந்திருந்தால் பில் ஏறத்தான் செய்யும். அதனால் டாம்பரை கார்பன் டை ஆக்சைடு சென்சாரோடு இணைத்துவிடுங்கள். ஆள் கூடினால் திறக்கும், குறைந்தால் மூடும். சென்சார் உட்கார்ந்தவர் மூக்கு உயரத்தில் சுவரில் இருக்கட்டும், கதவை ஒட்டி வேண்டாம். ஹாலில் ஆளே இல்லையென்றாலும் முழுக்க மூடக் கூடாது. கார்ப்பெட்டும் பெயின்டும் விடுகிற வாடை ஆளைப் பார்த்து வருவதில்லை. அப்புறம், வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ச்சியாகவும் ஈரம் குறைவாகவும் இருக்கும் நேரங்களில் டாம்பரை முழுசாகத் திறந்துவிடலாம். அந்த நேரம் கம்ப்ரசருக்கு வேலை குறையும், ஹாலுக்கும் நல்ல காற்று கிடைக்கும்.

ஃபேன்களுக்கு வி.எஃப்.டி. (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) போட்டு ஒரு வருடம் ஆகிறது. பில் இறங்கவே இல்லை. ஏமாந்துவிட்டோமா?

அந்தப் பெட்டியின் டிஸ்பிளேயில் என்ன எண் ஓடுகிறது? 50 ஹெர்ட்ஸ் (சில நாடுகளில் 60) என்று காலையிலிருந்து ராத்திரிவரை அசையாமல் நின்றால், ஃபேன் பழையபடியேதான் சுற்றுகிறது. பெட்டி தன் பங்குக்குக் கொஞ்சம் மின்சாரத்தையும் தின்கிறது.

வி.எஃப்.டி.யின் லாபம் வேகத்தைக் குறைப்பதில் மட்டுமே இருக்கிறது. ஃபேன் எடுக்கும் மின்சாரம் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறும். வேகம் 80 சதவீதம் என்றால் மின்சாரம் 51 சதவீதம். வேகம் பாதி என்றால் மின்சாரம் எட்டில் ஒன்று. டக்டில் (காற்றுக் குழாயில்) குறிப்பிட்ட அழுத்தத்தைப் பிடித்து வைக்க வேண்டியிருப்பதால் நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது, ஆனாலும் நிறையவே கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது, யாரோ பெட்டியை 'ஹேண்ட்' (கையால் இயக்கும்) நிலையில் போட்டு மறந்துவிட்டார்கள் என்பதை. இல்லையென்றால் டக்ட் அழுத்தத்தின் செட்பாயின்ட்டை (பிடித்து வைக்கச் சொல்லும் அளவை) தேவைக்கு மேல் வைத்திருப்பார்கள். எங்கோ கடைக்கோடியில் ஒரு அறைக்குக் காற்று போகவில்லை என்று ஒருநாள் ஏற்றியிருப்பார்கள். அந்த அறையின் அடைத்த ஃபில்டரையோ நசுங்கிய டக்டையோ சரிசெய்திருந்தால் போதும்.

கோடையில் வெளியே கொளுத்துகிறது, உள்ளே பலர் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜைக்கு அடியில் குட்டி ஹீட்டர் வைத்திருப்பவர்களும் உண்டு. தெர்மோஸ்டாட்டை ஏற்றினால் போதுமா?

போதாது. அந்தக் குட்டி ஹீட்டர் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் வேடிக்கை. அறை சூடாகிவிட்டது என்று அது நம்பி, மேலும் குளிர்காற்றை அனுப்பும்.

பெரிய கட்டடங்களில் ஏ.எச்.யூ.விலிருந்து (காற்றைக் குளிரவைத்து டக்டில் அனுப்பும் மெஷினிலிருந்து) கிளம்பும் காற்று பெரும்பாலும் 13 டிகிரி அளவில் இருக்கும். அறைவாரியாக உள்ள வி.ஏ.வி. பெட்டி அந்தக் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும். இந்தப் பெட்டிகளின் குறைந்தபட்ச அளவை 40, 50 சதவீதம் என்று தாராளமாக வைத்துவிட்டால், காலி அறைக்குள்ளும் குளிர்காற்று கொட்டிக்கொண்டே இருக்கும். சில கட்டடங்களில் அதே பெட்டிக்குள் ஹீட்டிங் காயிலும் இருக்கும். அங்கே ஒரே காற்றைக் குளிரவைக்க ஒரு தடவை, சூடாக்க ஒரு தடவை என்று இரண்டு முறை பணம் கட்டுகிறீர்கள். குறைந்தபட்ச அளவை, அந்த அறைக்கு வேண்டிய வெளிக்காற்றுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு, முடிந்தவரை இறக்குங்கள். குளிரவைக்கத் தொடங்கும் எல்லைக்கும் சூடாக்கத் தொடங்கும் எல்லைக்கும் நடுவே மூன்று டிகிரியாவது இடைவெளி இருக்கட்டும்.

வெயில் தணிந்த நாட்களில் 13-ஐ 15, 16 என்று ஏற்றலாம். ஆனால் ஈரக்காற்று உள்ள ஊர் என்றால் நிதானம். அந்த 13 டிகிரியின் பாதி வேலை ஈரத்தைப் பிழிவதுதான். வில்லிஸ் கேரியர் 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்கு முதல் ஏசியை வடிவமைத்ததே அதற்காகத்தான். ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ண அச்சு ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போனது. உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் ஏற்றியதை இறக்கிவிடுங்கள்.

ராத்திரி ஏசியை அணைத்தால், காலையில் திரும்பக் குளிரவைக்க அதைவிட அதிகம் செலவாகுமாமே?

ஆகாது. உள்ளே குளிராக வைத்திருக்கும்வரை வெளிச்சூடு சுவர் வழியே வந்துகொண்டே இருக்கும், அதை நீங்கள் ராத்திரி முழுக்க வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அணைத்தால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைந்து, வரும் சூடும் குறையும். வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 12 மணி நேரம், ஐந்து நாள் அலுவலகம் என்றால் ஆள் இருப்பது 60 மணி நேரம்தான்.

காலையில் எல்லா மெஷினையும் ஒரே நிமிடத்தில் போடாதீர்கள், மின் இணைப்பின் உச்சத் தேவை எகிறி அதற்குத் தனிக் கட்டணம் வரலாம். ஈரக்காற்று உள்ள இடங்களில் அணைத்த நேரத்திலும் ஈரப்பதத்துக்கு ஒரு மேல் எல்லை வையுங்கள்.

எங்களிடம் இரண்டு சில்லர் (ஏ.எச்.யூ.க்களுக்குப் போகும் தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்). பாதிச் சுமையிலேயே இரண்டும் ஓட வேண்டியிருக்கிறது. மூன்றாவது வாங்கச் சொல்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் திரும்பி வரும் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள். 7 டிகிரியில் போய் 13-ல் திரும்ப வேண்டிய தண்ணீர் 10-லேயே திரும்பினால், அதே குளிர்ச்சியைக் கொடுக்க இரண்டு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். ஒரு சில்லரால் அவ்வளவு தண்ணீரைத் தாங்க முடியாது. அதனால் இரண்டாவதும் கிளம்புகிறது, அதன் பம்பும் கிளம்புகிறது. குறை சில்லரில் இல்லை. அணைத்த ஏ.எச்.யூ.வின் வால்வு திறந்தே கிடக்கும், அல்லது பழைய மூன்று வழி வால்வு தண்ணீரைக் காயிலுக்குள் விடாமல் சுற்றி அனுப்பும், அல்லது காயிலில் அழுக்கு அப்பியிருக்கும். ஒவ்வொரு ஏ.எச்.யூ.வாகப் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இந்த மாதிரி ஒழுங்குபடுத்தலால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்காக: அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2009-ல் 643 கட்டடங்களின் விவரங்களைத் தொகுத்தது. ஏற்கெனவே இயங்கிவந்த கட்டடங்களில் எரிசக்திச் சேமிப்பின் நடுமதிப்பு (மீடியன்) 16 சதவீதம், போட்ட பணம் ஓராண்டு சொச்சத்தில் திரும்பியது. கூட்டம் குறைந்த, வெயில் இல்லாத நாட்களில் சில்லர் அனுப்பும் தண்ணீரின் 7 டிகிரியை 8, 9 என்று ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் சில்லரின் மின்சாரம் பொதுவாக 2 முதல் 3 சதவீதம் குறையும்.

மெர்வ் (ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்கும் என்ற தர எண்) 8 ஃபில்டரை 13-க்கு மாற்றலாமா?

மாற்றலாம், ஃபேன் தாங்குமா என்று பார்த்துவிட்டு. மெர்வ் 13 என்றால் 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்களில் பாதியையாவது பிடிக்கும். மெர்வ் 8-க்கு அந்த அளவுத் துகளில் எந்த உத்தரவாதமும் இல்லை. மடிப்பு ஆழமான ஃபில்டர் வாங்கினால் காற்றுக்குத் தடை குறைவு. ஃபில்டருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எந்த எண்ணும் வீண்தான்.

புகையின் வெப்பத்தையும் பிடிக்கும் கண்டென்சிங் பாய்லர் போட்டோம். கேஸ் செலவு குறையவில்லையே?

திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தை விட்டுக்கொடுக்கும். பழைய வழக்கப்படி 80-ல் அனுப்பி 65-ல் திரும்ப வாங்கினால், அது சாதாரண பாய்லர்தான். வெளிக்குளிர் குறைந்த நாட்களில் அனுப்பும் வெப்பநிலையை இறக்குங்கள்.

முன்கதவைத் திறந்தால் வெளிக்காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. ஓரங்களில் பூஞ்சணமும் வருகிறது. ஏசியின் திறன் போதவில்லையா?

கட்டடம் காற்றை உறிஞ்சுகிறது. கழிவறை, சமையல்கூட ஃபேன்கள் வெளியே தள்ளும் காற்று, ஏ.எச்.யூ. வழியே உள்ளே வரும் வெளிக்காற்றைவிட அதிகம். பற்றாக்குறை கதவு, ஜன்னல், சுவர் விரிசல் வழியே வந்து சேர்கிறது. அந்தக் காற்று ஃபில்டரையும் பார்ப்பதில்லை, காயிலையும் பார்ப்பதில்லை. ஈரத்தோடு நேரே வந்து குளிர்ந்த சுவரில் படிகிறது. அதுதான் பூஞ்சணம். பெரிய ஏசி போட்டால் சுவர் இன்னும் குளிர்ந்து, இன்னும் படியும்.

கதவை விரலளவு திறந்து, இடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைத் தொங்கவிடுங்கள். உள்பக்கம் சாய்ந்தால், எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தபோது துண்டு நேராகத் தொங்குகிறதோ, அந்த ஃபேனின் நேரத்தையும் வேகத்தையும் முதலில் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் உள்பக்கமே சாய்ந்தால், வெளிக்காற்று டாம்பரைப் போய்ப் பாருங்கள். அங்கேயும் ஒரு கம்பி இருக்கலாம்.