வாசகர் கேள்வி-பதில்: சோதித்துப் பார்ப்பது அவிசுவாசமா?

கேள்வி: சுகமளிக்கும் கூட்டம் ஒன்றில் ஊழியர் (ஜெபம் நடத்தும் போதகர்) என் அம்மாவை எழுப்பி, அம்மாவின் பெயர், மூட்டுவலி, வேலை கிடைக்காத என் தம்பி என்று எல்லாவற்றையும் சொன்னார். முன்பின் பார்த்ததே இல்லை. இது ஆவியானவர் கொடுத்த வெளிப்பாடு இல்லையென்றால் வேறென்ன?

பதில்: அம்மா அன்று எதையாவது எழுதிக் கொடுத்தாரா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஜெபக் குறிப்பு அட்டை, நுழைவுப் பதிவு, வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜெப விண்ணப்பம் எதுவாகவும் இருக்கலாம். வரிசையில் நிற்கையில் தொண்டர் ஒருவர் "எதுக்காகம்மா வந்திருக்கீங்க?" என்று அன்போடு விசாரித்திருந்தால் அதுவும் கணக்குதான்.

அமெரிக்காவில் பீட்டர் போப்பாஃப் என்ற ஊழியர் இப்படித்தான் பெயர், முகவரி, நோய் எல்லாவற்றையும் மேடையிலிருந்து சொல்லி வந்தார். 1986-ல் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டியின் குழு கூட்டத்துக்குள் ரேடியோ ஸ்கேனரோடு போனது. 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஊழியரின் மனைவி குரல் கேட்டது. ஜெப அட்டைகளில் மக்கள் எழுதிக் கொடுத்ததை மேடைக்குப் பின்னாலிருந்து அவர் வாசிக்க, காதுக்குள் இருந்த சிறு கருவியில் கேட்டுக் கேட்டு இவர் 'வெளிப்பாடு' சொல்லிக்கொண்டிருந்தார். பதிவு தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

இன்று காதுக் கருவிகூட வேண்டாம். பதிவு செய்த கைபேசி எண் ஒன்று போதும், குடும்பப் படங்கள் சமூக ஊடகத்தில் கிடைக்கின்றன. "இந்தப் பக்கம் முதுகுவலியோடு ஒரு சகோதரி இருக்கிறீர்கள்" என்ற பொதுவான வார்த்தையோ, ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் தவறவே தவறாது.

கூட்டத்தின் முழுப் பதிவையும் (வெட்டி ஒட்டிய துண்டை அல்ல) உட்கார்ந்து பாருங்கள். அவர் சொன்ன ஒவ்வொரு விவரத்தையும் தாளில் எழுதுங்கள். எழுதிக் கொடுத்தது, வாயால் சொன்னது, இணையத்தில் இருப்பது, யாருக்கும் பொருந்துவது ஆகியவற்றை அடித்துவிடுங்கள். தவறிப்போனவற்றையும் எண்ணுங்கள். பலித்ததை மட்டும் நினைவில் வைத்திருப்பது மனித இயல்பு, தாள் அப்படி மறக்காது. மீதி ஏதாவது நின்றால் அப்போது பேசலாம்.

கேள்வி: என் அக்கா மேடையில் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்தார். மூன்றாம் நாள் மறுபடி படுக்கை. "விசுவாசம் குறைந்ததால் சுகத்தை இழந்துவிட்டாய்" என்கிறார் பாஸ்டர். மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

பதில்: மாத்திரையை இன்றே மறுபடி தொடங்குவது பற்றி அக்காவின் மருத்துவரிடம் பேசுங்கள். மற்றதெல்லாம் பிறகு. முதல் வகை சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகக்கூடும். மருந்தை நிறுத்தச் சொல்லும் ஊழியரை வேறெந்தச் சோதனையும் செய்ய வேண்டாம், இது ஒன்றே அவரை விட்டு விலகப் போதுமான காரணம்.

அக்கா நடித்தார் என்று நான் சொல்லவில்லை. பாட்டு, கைதட்டல், எதிர்பார்ப்பு எல்லாம் சேரும்போது உடல் தானாகவே வலியை அடக்கும் பொருட்களைச் சுரக்கிறது. சில மணி நேரம் உண்மையிலேயே வலி தெரியாது. மூட்டில் இருக்கும் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். வில்லியம் நோலன் என்ற அமெரிக்க மருத்துவர் 1970-களில், கேத்ரின் கூல்மன் நடத்திய கூட்டத்தில் சுகம் பெற்றதாகச் சொன்னவர்களைத் தேடிப் போய் விசாரித்தார். முதுகெலும்பில் புற்றுநோய் இருந்த ஒரு பெண், இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு மேடையில் ஓடியிருந்தார். மறுநாளே எலும்பு நொறுங்கியது. சில மாதங்களில் இறந்துபோனார். வலி மறைந்ததை நோய் மறைந்ததாக எடுத்துக்கொண்டதற்கான விலை அது.

விசுவாசக் குறைவு என்ற பழியை அக்கா சுமக்க வேண்டியதில்லை. யோவான் 5-ல் முப்பத்தெட்டு வருடம் வியாதியாய்க் கிடந்தவருக்குத் தன்னைக் குணமாக்கியவர் யார் என்பதே தெரியாது. மத்தேயு 17-ல் சீஷரால் ஒரு பையனைக் குணமாக்க முடியவில்லை. இயேசு அவிசுவாசத்தைச் சுட்டிக்காட்டியது சீஷர்களிடம், அந்தப் பையனிடம் அல்ல. ஜெபித்தும் சுகம் வராதபோது நோயாளியின் மேல் குற்றம் சாட்டுவதற்கு இந்தப் பகுதிகளில் இடமே இல்லை.

உண்மையான சுகத்தை எப்படிச் சரிபார்ப்பது? இயேசுவே வழி காட்டியிருக்கிறார். குஷ்டரோகிகளை, "ஆசாரியரிடம் போய் உங்களைக் காண்பியுங்கள்" என்று அனுப்பினார். அன்று நோய் நீங்கியதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியருடையது. கத்தோலிக்க சபையில் 18-ஆம் நூற்றாண்டில் ப்ரோஸ்பெரோ லம்பெர்தினி (பின்னாளில் போப் பதினான்காம் பெனடிக்ட்) எழுதிவைத்த அளவுகோல்கள் இன்றும் பயன்படுகின்றன. நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். தானாகத் தணியும் கட்டத்தில் இருக்கக் கூடாது. மருந்தால் குணமானதாக இருக்கக் கூடாது. குணம் சட்டென்று, முழுமையாக வர வேண்டும். நோய் திரும்பக் கூடாது. பிரான்சின் லூர்து நகரில் 1883 முதல் மருத்துவ அலுவலகமே இயங்குகிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் சுகமானதாகச் சொன்னார்கள். சபை அற்புதம் என்று ஏற்ற 70-ஆவது சுகம் 2018-ல்தான் அறிவிக்கப்பட்டது. நூற்றில் ஒன்றுதான் தேறியிருக்கிறது என்று பாருங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை: ஜெபத்துக்கு முந்தைய தேதியிட்ட ஸ்கேன் அல்லது பரிசோதனை அறிக்கை, பிந்தைய தேதியில் அதே பரிசோதனை, ஊழியத்தோடு சம்பந்தமில்லாத மருத்துவரின் கருத்து, இடையில் எடுத்த சிகிச்சைகளின் பட்டியல், குறைந்தது ஒரு வருடக் காத்திருப்பு. ஆஸ்துமா, முடக்குவாதம், முதுகுவலி போன்றவை தாமாகவே கூடிக் குறையும். அவற்றில் ஒரு வார நிம்மதியைச் சாட்சியாக எழுதாதீர்கள். "குட்டைக் கால் நீண்டது" என்று காட்டும் காட்சியிலும் குதிகால்மேல் கவனம் வையுங்கள்: ஒரு செருப்பு மட்டும் குதிகாலைவிட்டுச் சற்றே வெளியே இழுக்கப்பட்டிருக்கும். அதை மெல்ல உள்ளே தள்ளும்போது மற்றக் கால் வளர்வதுபோலத் தெரியும்.

கேள்வி: எல்லாம் சரிபார்த்து, அற்புதம் உண்மைதான் என்று தெரிந்தால் அவர் போதனையை ஏற்கலாம் அல்லவா?

பதில்: கூடாது. உபாகமம் 13 இதைத்தான் நேரடியாகச் சொல்கிறது: ஒருவன் சொன்ன அடையாளம் பலித்தாலும், அவன் வேறு தேவர்களிடம் அழைத்தால் செவிகொடுக்காதே. மத்தேயு 7-ல் "உமது நாமத்தினாலே அற்புதங்களைச் செய்தோமே" என்று வாதாடுகிறவர்களிடம் ஆண்டவர் "உங்களை ஒருக்காலும் அறியவில்லை" என்கிறார். அவர்கள் அற்புதம் செய்ததை அவர் மறுக்கவில்லை. அதனால் போதனையைத் தனியாக வேதத்தோடு ஒப்பிட வேண்டும். பெரோயா ஊர்க்காரர்கள் பவுலின் போதனையையே தினந்தோறும் வேதத்தில் ஆராய்ந்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள்.

கேள்வி: 'விதைக் காணிக்கை' போட்டால் நூறத்தனையாக வரும் என்கிறார்களே?

பதில்: குஷ்டரோகம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான் கொண்டுவந்த வெகுமதியைத் தீர்க்கதரிசி எலிசா தொடவே இல்லை. பின்னால் ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வாங்கிய எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்கு வந்தது குஷ்டரோகம். அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறை அளவில் எழுதப்பட்ட 'திதாக்கே' என்ற சபை ஒழுங்கு இன்னும் கறாரானது. ஊர் ஊராய் வரும் ஊழியர் ஒருநாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்டாலும் அப்படியே. ஏழைக்காகக் கேட்டால் மட்டும் நியாயந்தீர்க்க வேண்டாம். பவுலும் காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகவில்லை, யாரும் குறை சொல்லாதபடி வேறு சகோதரரையும் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8).

ஆகவே ரசீது கேளுங்கள். வெளித் தணிக்கையாளர் பார்த்த வருடக் கணக்கைக் கேளுங்கள். ஊழியரின் குடும்பத்தைச் சேராத எத்தனை பேர் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதும் கோபம் வந்தால் பணத்தைத் தேவையிலுள்ள ஒருவர் கையில் நேராகக் கொடுங்கள்.

கேள்வி: "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்று வசனம் காட்டி வாயை அடைக்கிறார்கள்.

பதில்: சங்கீதம் 105-ல் அந்த வசனம், நாடோடியாய் அலைந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி சொன்னது. கேள்வி கேட்பதைப் பற்றியதே அல்ல. பேதுரு தவறியபோது பவுல் எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டித்தார் (கலாத்தியர் 2). அடுத்தமுறை வசனம் காட்டினால் அந்த அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள்.