பத்தாயிரம் பின்தொடர்வோரை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: மருதமுனையில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள் உள்ளன. நானும் உம்மாவும் நெய்யும் கைத்தறிச் சேலைகளை பேஸ்புக் பக்கம் ஒன்றின் மூலம் விற்கின்றோம். இரண்டு வருடமாகியும் 640 பேர் மட்டுமே பின்தொடர்கின்றனர். கல்முனையில் ஒருவர் 15,000 ரூபா தந்தால் ஒரே கிழமையில் 10,000 பேரைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லி, கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறார். நாங்கள் விண்ணப்பிக்கவுள்ள கண்காட்சி ஒன்றின் படிவத்திலும் பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, பணத்தையும் கொடுக்க வேண்டாம், கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டாம். பணம் போனால் தறியில் உட்கார்ந்து மீட்டுவிடலாம். பக்கம் போனால் இரண்டு வருடத்து வாடிக்கையாளர்களும் அவர்கள் எழுதிய நல்ல வார்த்தைகளும் அதோடு போய்விடும்.

அந்த நபர் சேர்த்துத் தரப்போகும் பத்தாயிரமும் பெரும்பாலும் மொத்தமாகத் திறந்து வைக்கப்பட்ட போலிக் கணக்குகளாகவே இருக்கும். அவற்றுக்குப் பின்னால் சேலை உடுத்தும் பெண் ஒருத்திகூட இருக்கமாட்டாள். இதனால் நட்டம் மட்டுமல்ல, கெடுதியும் உண்டு. நீங்கள் ஒரு சேலையின் படத்தைப் போட்டவுடன் பேஸ்புக் அதை உங்களைப் பின்தொடரும் எல்லோருக்கும் காட்டுவதில்லை. முதலில் சிலருக்குக் காட்டி, அவர்கள் நின்று பார்க்கிறார்களா, கருத்து எழுதுகிறார்களா, வேறு யாருக்கும் அனுப்புகிறார்களா என்பதைக் கவனித்து, அதற்கேற்பவே மேலும் பரப்புகிறது. இன்று அந்தச் சிலர் உங்கள் 640 பேருக்குள்ளிருந்து வருகிறார்கள். நாளை பத்தாயிரம் ஊமைக் கணக்குகளும் சேர்ந்துவிட்டால், படம் போய்ச் சேரும் இடமெல்லாம் அவையாகவே இருக்கும். யாரும் அசையாத பதிவு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மட்டக்களப்பில் ஒருவர் தம் பக்கத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். 22,000 பேர் பின்தொடர்கிறார்கள், கடைசிப் படத்துக்கு நான்கே லைக். அவற்றில் ஒன்று அவருடையது, இன்னொன்று அவரது மனைவியுடையது. பார்வையாளர் எந்தெந்த ஊரவர் என்று காட்டும் பகுதியைத் திறந்து பார்த்தோம். முதல் ஐந்து ஊர்களில் மட்டக்களப்பும் இல்லை, கொழும்பும் இல்லை. எல்லாம் அவரது வாயில் நுழையாத பெயருள்ள வெளிநாட்டு நகரங்கள். மனிதர் விற்பது எருமைத் தயிர்.

வாங்கிய எண்ணிக்கை நிலைப்பதுமில்லை. 2014 டிசம்பரில் இன்ஸ்டகிராம் போலிக் கணக்குகளைத் துடைத்தெறிந்தபோது, பாடகர் ஜஸ்டின் பீபரின் கணக்கிலிருந்து மட்டும் ஏறக்குறைய 35 இலட்சம் பேர் காணாமற்போனார்கள். அவருக்கு அது பெரிய இழப்பாக இருந்திருக்காது. உங்கள் பக்கத்தில் 10,640 என்றிருந்தது ஒரு காலையில் 700 ஆகத் தெரிந்தால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இனி, நான் யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டிருக்கும் விடயத்துக்கு வருகிறேன். இந்தத் தரகர்களில் பலருடைய உண்மையான வியாபாரம் பின்தொடர்வோர் அல்ல, உங்கள் பக்கமே. கடவுச்சொல்லைக் கொடுத்ததும், "போனுக்கு ஆறு இலக்கம் ஒன்று வரும், அதையும் சொல்லுங்கள்" என்பார்கள். அதையும் சொல்லிவிட்டால் கணக்கின் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் மாற்றி, உங்களை வெளியே நிறுத்திவிட்டு, திருப்பித் தர விலை பேசுவார்கள். இன்னொரு வகையினர் "நாங்களே பக்கம் திறந்து தருகிறோம்" என்று வந்து, தங்கள் கணக்கிலேயே அதைத் திறந்து, முழுக் கட்டுப்பாட்டையும் தம்மிடம் வைத்துக்கொண்டு, கடைக்காரருக்குப் பதிவிடும் அனுமதியை மட்டும் கொடுப்பார்கள். கோபித்துக்கொண்டால் ஒரு நொடியில் அதையும் பறித்துவிடலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றி உள்நுழைவது குற்றந்தான். ஆனால் கடவுச்சொல்லை நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு, அனுமதி இல்லை என்று நிறுவ அலைய வேண்டியவர் நீங்கள். பேஸ்புக்கிடம் முறையிடலாமே என்பீர்கள். நடந்து போய் ஓர் ஆளிடம் பேசுவதற்கு இங்கே அலுவலகம் எதுவுமில்லை. முறைப்பாட்டுக்குப் பதில் எழுதுவது பெரும்பாலும் இயந்திரம், அதற்கும் நம் தமிழ் அரைகுறையாகவே விளங்குகிறது.

எனவே இன்றிரவே பக்க அமைப்புகளுக்குள் சென்று, யார் யாருக்கு அணுகல் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரும், நம்பிக்கையான இன்னொருவராக உங்கள் நானாவின் பெயரும் மாத்திரம் இருக்கட்டும். கடவுச்சொல்லை மாற்றி, மற்றச் சாதனங்களிலிருந்து வெளியேற்றும் தெரிவையும் அழுத்தி, கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும் இரு படிநிலைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

பணம் கொடுத்து ஆட்களைச் சேர்ப்பதில் முறையான வழி ஒன்று உண்டு. பேஸ்புக்குக்கே நேரடியாகப் பணம் செலுத்தி விளம்பரம் செய்வதுதான் அது. இதைச் சற்று விரித்தே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த விளம்பரத்துக்கு வழங்கும் "பூஸ்ட்" என்ற பெயராலேயே தரகர்களும் தங்கள் சரக்கை அழைக்கிறார்கள். உண்மையான விளம்பரத்தில் உங்கள் படம் உயிருள்ள மனிதருக்குக் காட்டப்படுகிறது. பின்தொடர்வதா இல்லையா என்பதை அவர் தாமே முடிவு செய்கிறார். ஆகையால், "இத்தனை பேர் நிச்சயம்" என்று யார் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தருகிறாரோ அவர் விளம்பரம் செய்யவில்லை என்று கொள்ளலாம். நாளொன்றுக்குச் சில நூறு ரூபாவுடன் ஏழு நாட்கள் மட்டும் செய்து பாருங்கள். விளம்பரத்தின் நோக்கமாக வட்ஸ்அப்பில் விசாரணை பெறுவதைத் தெரிவுசெய்யுங்கள். ஊராக அம்பாறை, மட்டக்களப்பு, கொழும்பு ஆகியவற்றைக் குறித்து, விசாரித்தவர் எத்தனை பேர், வாங்கியவர் எத்தனை பேர் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். இதற்கு இணையக் கொடுப்பனவுக்கு அனுமதிக்கப்பட்ட வங்கி அட்டை தேவை. நம்மூர்ப் பெண்களிடம் அந்த அட்டை இல்லாமலிருப்பதே தரகரின் மூலதனம்: உங்களிடம் பத்தாயிரம் ரூபா வாங்கி, தன் அட்டையில் இரண்டாயிரத்துக்கு விளம்பரம் போட்டு, மிச்சத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். வேறு வழியின்றி ஒருவரின் அட்டையைப் பயன்படுத்தினாலும், விளம்பரக் கணக்கைத் திறந்து, செலவான தொகைக்குரிய பற்றுச்சீட்டைக் கண்ணால் பார்த்த பின்னரே காசைக் கொடுங்கள்.

விளம்பரத்துக்கு முன்னர் செய்யவேண்டியவை வீட்டிலேயே கிடக்கின்றன. உங்கள் பக்கத்தின் படங்கள் இரவில் மின்குமிழின் கீழ் எடுத்தவை போலத் தெரிகின்றன. அந்த ஒளியில் மயில் நீலம் கறுப்பாக விழும், சேலையைக் கையில் வாங்கியவர் நிறம் வேறு என்பார். காலை எட்டு மணிக்கு விறாந்தையில் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டு, முழுச் சேலை ஒன்று, முந்தானை ஒன்று, கரையை விரலால் பிடித்தபடி ஒன்று என மூன்று படங்கள் எடுத்தால் போதும். விலையைப் பதிவிலேயே எழுதுங்கள். "விலைக்கு இன்பொக்ஸ்" என்பதைப் போல வாடிக்கையாளரை விரட்டும் வாசகம் வேறில்லை. உம்மா தறியில் இருக்கும்போது அவரது கைகளும் நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடாவும் மட்டும் தெரிய அரை நிமிட ரீல்ஸ் காணொளி எடுத்து, தறிச் சத்தத்தை அப்படியே விட்டுவிடுங்கள், பாட்டுச் சேர்க்க வேண்டாம். பின்தொடராதவர்களிடமும் போய்ச் சேர்வது இத்தகைய ரீல்ஸ்தான்.

உங்கள் சேலையை அதிகம் வாங்கக்கூடியவர்கள் யார் என்று யோசித்தீர்களா? பாடசாலைக்குச் சேலை உடுத்திச் செல்லும் ஆசிரியைகள். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, களுவாஞ்சிக்குடி என்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஓய்வறையில் ஒருவர் உடுத்தியதை மற்றவர் விசாரிக்காமல் விடமாட்டார். ஒவ்வொரு பொதியிலும் பக்கத்தின் பெயர் எழுதிய துண்டு ஒன்றை வைத்து அனுப்புங்கள். 640 பேரில் இருநூறு பேர் ஆசிரியைகள் என்றால், எந்தப் பத்தாயிரத்துக்கும் அதை நான் மாற்றமாட்டேன். "பகிர்ந்தால் சேலை பரிசு" என்ற போட்டிகளில் இறங்க வேண்டாம், தம் சுவரில் பகிரும்படி போட்டியில் நிபந்தனை விதிப்பதை பேஸ்புக்கின் விதிகளே தடுக்கின்றன.

கண்காட்சிப் படிவத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நெசவாளரிடம் நூலின் தரத்தையோ சாயம் போகுமா என்பதையோ கேட்காமல் பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் கேட்கும் அலுவலர்களை என்ன சொல்வது? ஒரு நாள் பயிற்சிப்பட்டறையில் சான்றிதழும் சோற்றுப் பார்சலும் கொடுத்து, "பக்கம் திறந்தாயிற்று" என்று அறிக்கை எழுதுவோருக்கு எண்ணத் தெரிந்தது அதுவே. அந்தக் கட்டத்தில் 640 என்றே எழுதுங்கள். அதன் பக்கத்தில், கேட்கப்படாவிட்டாலும், கடந்த மூன்று மாதத்தில் பக்கத்தின் மூலம் விற்ற சேலைகளின் தொகையையும் எழுதிவிடுங்கள்.