ஜனவரிக் குளிரில் கறிவேப்பிலையோடு கல்கரிக்கு

கேள்வி: அக்கா, ஜனவரி நடுவில், கனடாவின் கிழக்கே டொராண்டோ ஸ்காபரோவில் இருந்து மேற்கே கல்கரிக்குக் குடிபோகிறோம். சாமான்கள் லொறியில், நாங்கள் காரில். எப்படியும் நாலு நாள் ஓட்டம். அம்மா தந்த கறிவேப்பிலைக் கண்டு நாலடி வளர்ந்து சாடியில் நிற்கிறது. விட்டுப் போக மனமில்லை. கூட வரும் தம்பி, தான் வீட்டில் வளர்க்கும் இரண்டு கஞ்சாச் செடிகளையும் ஏற்றலாமா என்று கேட்கிறான். அதில் ஒன்று பூத்துவிட்டது. — ஸ்காபரோ வாசகி

பதில்: கட்டாயம் கொண்டுபோங்கள் தங்கச்சி. அம்மா தந்த கறிவேப்பிலையை விட்டுவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு வாய் வராது. லொறியில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அதன் பெட்டிக்குள் சூடு இருக்காது. வழியில் வரும் வின்னிபெக் பக்கம் ஜனவரி இரவில் மைனஸ் 30 வரைகூட இறங்கும். கறிவேப்பிலையோ 10 பாகைக்குக் கீழே போனாலே வாடத் தொடங்கும். உறைபனி பட்டால் இளங்கிளைகள் கறுத்துவிடும். கார் டிக்கியும் வேண்டாம். பின்சீட்டில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

புறப்பட இரண்டு நாள் முன்பு தண்ணீர் விடுங்கள். மண் ஈரமாக இருக்கவேண்டும், சொட்டக்கூடாது. கிளைகளை மேல்நோக்கிச் சேர்த்து, பழைய பருத்திச் சேலையில் கிழித்த துண்டால் தளர்வாகக் கட்டுங்கள். அதற்கு மேல் பத்திரிகைத் தாள் இரண்டு சுற்று, அப்புறம் ஒரு பழைய படுக்கை விரிப்பு, கடைசியாகத்தான் பெரிய குப்பைப் பை. பிளாஸ்டிக் இலையில் நேரே ஒட்டினால் உள்ளே வியர்த்து, அந்த ஈரம் உறைந்து, தொட்ட இடமெல்லாம் இலை கருகும். சாடியையும் தடித்த துவாயால் சுற்றுங்கள். தரையில் நிற்கும் மரத்தின் வேரை மண் காக்கும். சாடியில் இருக்கும் வேருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நான் பயப்படுவது வாசலுக்கும் கார்க் கதவுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில அடிகளுக்குத்தான். காரை முதலில் நன்றாகச் சூடேற்றிவிட்டு, கடைசியாகச் செடியைத் தூக்குங்கள். உள்ளே வைத்ததும் பையின் வாயைத் திறந்துவிடுங்கள். ஹீட்டர் காற்று நேரே அதன்மேல் அடிக்கக்கூடாது. சாப்பிட இறங்கும்போது எல்லோரும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். என்ஜின் நின்ற கார் அந்தக் குளிரில் சீக்கிரம் ஆறிப்போகும். இரவில் செடியும் உங்களோடு அறைக்குள் வரவேண்டும். மோட்டலில் கீழ்த்தள அறையாகக் கேளுங்கள், சாடியோடு படியேறத் தேவையில்லை.

அமெரிக்கா வழியாகப் போனால் சுகம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி இதிலும் தங்கும் என்பதால் எல்லையில் அதை விடமாட்டார்கள். கஞ்சாவோடு அந்த எல்லையை நினைத்தும் பார்க்கவேண்டாம். சூ செயின்ட் மேரி, தண்டர் பே என்று 17ஆம் நெடுஞ்சாலையிலேயே போங்கள். பனி கொட்டினால் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள், ஆகவே ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள்.

கல்கரியின் காற்று வறண்டது. போய்ச் சேர்ந்தபின் இலை கொட்டினால் அழவேண்டாம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெற்கு ஜன்னலோரம் வையுங்கள். மேல்மண் காய்ந்தபின் மட்டும் தண்ணீர். வசந்தம் வரும்வரை உரமும் வேண்டாம், சாடி மாற்றவும் வேண்டாம்.

இனித் தம்பியின் செடிகள். 2018 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்த கனடாச் சட்டப்படி, மொட்டோ பூவோ விட்ட கஞ்சாச் செடியைப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடாது. தெருவில் நிற்கும் காரும் பொது இடம்தான். ஆகவே பூத்த செடி வரக்கூடாது. புறப்படுமுன் அறுவடை செய்துவிடட்டும். காய்ந்த பூ என்றால் ஒருவர் வெளியே 30 கிராம் வரை வைத்திருக்கலாம். பூக்காத செடியைக் கறிவேப்பிலையைப் போலவே சுற்றி ஏற்றலாம். அது நீண்ட இருட்டில் பூக்கத் தொடங்கும் இனம், அதனால் மோட்டலில் இரவு படுக்கும்வரை விளக்கடியில் வைக்கச் சொல்லுங்கள். கல்கரி இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தில் ஒரு வீட்டுக்கு மொத்தம் நாலு செடிதான், எத்தனை பேர் இருந்தாலும். வாடகை வீடு என்றால் சொந்தக்காரரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் அவர் தடுத்திருக்கலாம்.