வலி முட்டியில், வேலை தொடையில்

கேள்வி: வயது 34. இரண்டு மாதம் முன்பு மழையில் பைக் சறுக்கி வலது முழங்கால் திருகிக்கொண்டது. உள்பக்கத் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். இப்போது வீக்கம் இல்லை; மாடிப்படி இறங்கினால்தான் வலி. தினம் அரை மணி நேரம் நடக்கிறேன், நீ-கேப் போடுகிறேன். இது போதாதா? ஜிம் போகலாமா?

பதில்: முதலில் ஓர் இஞ்ச் டேப் எடுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிச்சில்லுக்கு 10 செ.மீ. மேலே இரண்டு தொடைகளையும் அளந்து பாருங்கள். வலது தொடை மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். மூட்டில் அடிபட்டு வீக்கம் கட்டினால் முன்தொடைத் தசை சரியாக இறுகாது. சில வாரங்களிலேயே சூம்பத் தொடங்கும். வீக்கம் வடிந்ததும் அது தானாகத் தேறிவிடாது. படி இறங்கும்போது உங்கள் எடையைப் பிடித்து மெல்ல இறக்குவது அந்தத் தசைதான். சமதரையில் எவ்வளவு நடந்தாலும் அதற்குப் பெரிய வேலை கிடைக்காது.

முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. கையை வைத்துப் பாருங்கள், சில்லுக்கு மேலே உள்பக்கச் சதை கல்லாக இறுக வேண்டும். அது தொளதொளவென்றே இருந்தால் நீங்கள் இடுப்பால் ஏமாற்றுகிறீர்கள்! இது சுலபமானதும் காலை மடக்காமல் தூக்குவது, பிறகு சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, கடைசியாக 4 அங்குலப் பலகையில் ஏறி மெதுவாக இறங்குவது.

வலியைப் பத்துக்கு மூன்று வரை பொறுக்கலாம். மறுநாள் காலை முட்டி உப்பியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள்.

ஜிம்மில் சைக்கிள் மட்டும் போதும். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மடங்கும் உயரத்தில் சீட் இருக்கட்டும். ஓட்டம், குதிப்பு, முழு ஸ்குவாட் இப்போதைக்கு வேண்டாம். ‘நரம்பு பிசகியிருக்கு, இழுத்து விடுறேன்’ என்று வருபவரிடம் காலைக் கொடுக்காதீர்கள். நீ-கேப் கூட்ட நெரிசலில் தைரியம் தரும், தசைக்கு வலு தராது. வீட்டில் கழற்றிவிடுங்கள்.

முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கையில் வாரிவிட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.